ஜவ்வரிசிப் பனையும் சஹபாகி நெல்லும்: வறட்சி தாங்கும் பயிர்கள் சிறு விவசாயியை அடையும் வழி
ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், கொல்கத்தாவுக்கு எதிர்ப்புறமாக, ஹவுராவைச் சேர்ந்த சிவபூரில் ஒரு பெரிய தாவரத் தோட்டம் உள்ளது. ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் இந்தியத் தாவரத் தோட்டம் என்று இப்பொழுது வழங்குவது அதுவே. அங்கு வருவோரில் பெரும்பாலோர் புகழ் பெற்ற ஆலமரத்தைக் காணவே வருகின்றனர். நோயுற்ற நடுமரம் 1925-ஆம் ஆண்டில் அகற்றப்பட்ட பின்னும், விழுதுகளே மரங்களாக நின்று ஒரு சிறு காடெனப் பரந்து கிடக்கும் விந்தை அது. ஆனால் இத்தோட்டம் தோன்றியதற்கான காரணங்களுள் ஒன்று பஞ்சம் என்பதை அறிந்தோர் சிலரே. வறட்சிக் காலத்தில் மக்களுக்கு உணவளிக்கக் கூடிய பயிர்களைத் தேடிக் கொணர்ந்து பரப்ப வேண்டும் என்ற எண்ணம், நம் நாட்டில் ஓர் அரசாங்க நிலையத்தின் வேலையாக உருப்பெற்ற முதல் இடங்களுள் ஹவுராவும் ஒன்றாகும். அம்முயற்சி எங்கே தவறியது என்று ஆராய்வது, இன்று அதே பணியில் ஈடுபட்டிருப்போருக்குப் பெரிதும் பயன்படும்.

1768, 1769 ஆகிய ஆண்டுகளில் வங்காளத்தில் மழை பொய்த்தது. அதனைத் தொடர்ந்து 1770-இல் உண்டான கொடும் பஞ்சத்தை வங்க மக்கள் ‘எழுபத்தாறின் பஞ்சம்’ என்று இன்றும் குறிப்பிடுகின்றனர். வங்க ஆண்டுக் கணக்கில் அது 1176-ஆம் ஆண்டு ஆதலின் அப்பெயர் வந்தது. மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டிருக்கலாம் என்று கும்பினி ஆட்சியினரே மதிப்பிட்டனர். மழையின்மை மட்டும் இதற்குக் காரணமன்று. அந்நிலையிலும் தளர்த்தப்படாத நிலவரியும் காரணமாயிற்று என்பதை வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர்.

பஞ்சத்தின் நினைவு மறையாதிருந்த அந்நாளில், கும்பினிப் படைத்துறையில் அலுவல் பார்த்த கர்னல் ராபர்ட் கிட் என்பவர் 1786-இல் மேலிடத்துக்கு ஒரு யோசனையை எழுதியனுப்பினார். மலாய் நாட்டு ஜவ்வரிசிப் பனையையும் பாரசீகத்துப் பேரீச்சையையும் வங்காளத்தில் நட்டுப் பெருக்கினால், நெல் பொய்க்கும் ஆண்டுகளில் ஏழைகளுக்கு உணவு கிடைக்கும் என்பது அவர் கருத்து. அரிய செடிகளை வேடிக்கைக்காகச் சேர்த்து வைப்பது தம் நோக்கமன்று என்றும், பயன்தரும் பயிர்களைப் பெருக்கி வழங்குவதே நோக்கம் என்றும் அவர் விளக்கினார். கும்பினியின் வாணிபமும் அவர் மனத்தில் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. 1787-இல் தோட்டம் அமைந்தது. 1793-இல் இறக்கும்வரை கிட் அதனைக் கண்காணித்து வந்தார்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பரோ பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். காக்கிநாடாவை அடுத்த சாமல்கோட்டையில் அவர் பணியாற்றியபோது, 1791-92-இல் ஆந்திரக் கரையோரத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. கால்வாய்க் கரைகளிலும் வரப்புகளிலும் தென்னை, பலா, ஈரப்பலா, வாழை முதலியவற்றை நட்டுவைத்தால் மழை தவறிய காலத்தில் உயிர் காக்கும் என்று அவர் வற்புறுத்தி வந்தார். கூந்தற்பனையின் அடிமரத்துச் சோற்றிலிருந்து எடுக்கும் மாவும் நல்ல ஜவ்வரிசிக்கு ஒப்பானது என்று அவர் எழுதி வைத்துள்ளார். தமிழ்நாட்டார்க்கு இதில் வியப்பில்லை. பனங்கிழங்கு எத்தனையோ வறண்ட ஆண்டுகளில் நம் கிராமங்களைத் தாங்கியிருக்கிறது.

ஆனால் ஜவ்வரிசிப் பனை வங்காளக் குடியானவரின் உணவாக ஒரு நாளும் ஆகவில்லை. காரணம் தேட வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. அப்பனை நிலநடுக்கோட்டை அடுத்த தீவுகளின் சதுப்பு நிலத்துக்கு உரியது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் இருந்தாலன்றி அது செழிக்காது. வங்காளத்திலோ குளிர்காலம் உண்டு; மழையற்ற பல மாதங்களும் உண்டு. வறட்சிக்கு மருந்தாகச் சதுப்பு நிலத்து மரத்தை நாடியது விந்தையே. ‘பஞ்சத்தில் உண்ணத்தக்கது’ என்பதையும் ‘பஞ்சம் வரும் நிலத்தில் வளரத்தக்கது’ என்பதையும் அக்காலத்தார் ஒன்றெனக் கொண்டுவிட்டனர். இப்பிழையை இன்றும் சிலர் செய்கின்றனர்.

மண்ணும் வானமும் ஒத்திருந்தாலும் வேறொரு தடை இருந்தது. ஜவ்வரிசிப் பனை முதிர்ந்து மாவு தருவதற்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும். தந்தவுடன் அம்மரத்தின் கதை முடிந்துவிடும். கிட் இறந்த அதே 1793-ஆம் ஆண்டில்தான் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் வந்தது. நிலத்தின் உடைமை ஜமீன்தார்களிடம் உறுதியாயிற்று. அடுத்த அறுவடை வரை அந்த நிலம் தன் கையில் இருக்குமோ இராதோ என்று அஞ்சும் குத்தகைதாரர், பதினைந்தாம் ஆண்டில் வெட்டப்போகும் மரத்தை எதற்காக நடுவார்? அவரைக் கேட்டவரும் இல்லை. திட்டம் மேலிருந்து வந்தது. கன்றும் மேலிருந்து வந்தது.

எனினும் தோட்டத்தின் உழைப்பு வீணாயிற்று என்று கூறுவது நியாயமாகாது. கப்பல் கட்டுவதற்கென அங்கு நடப்பட்ட தேக்கு, முப்பத்தைந்து ஆண்டுக் காலச் சோதனைக்குப் பின், கங்கைக் கழிமுகத்து வண்டல் மண்ணில் நல்ல மரமாகாது என்று தெரிந்தது. ஜாதிக்காய், கிராம்பு முதலிய தீவுப் பயிர்களின் நிலையும் அவ்வாறே முடிந்தது. எது வளராது என்று சோதனையால் அறிவதும் விஞ்ஞானமே; மற்றவர்களின் பொருளும் காலமும் அதனால் மீந்தன.

ஜவ்வரிசியின் கதை இத்துடன் முடியவில்லை. நம் வீடுகளில் பாயசத்துக்கும் வடகத்துக்கும் பயன்படும் ஜவ்வரிசி இன்று எந்தப் பனையிலிருந்தும் வருவதன்று. அது மரவள்ளிக் கிழங்கின் மாவு. ஜாவாவிலிருந்து வந்த அரிசி போன்ற பண்டம் என்பதால் ஜவ்வரிசி எனப் பெயர் பெற்ற இப்பொருளின் வரவு, இரண்டாம் உலகப் போரில் நின்றது. அப்பொழுது, 1943-ஐ ஒட்டி, சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து அதனைச் செய்யத் தலைப்பட்டனர். மரவள்ளி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது; போர்ச்சுகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதனை உணவுப் பயிராகப் பரப்பப் பெரிதும் முயன்றார். 1942-இல் பர்மா அரிசியின் வரவு அற்றபோது திருவிதாங்கூரைப் பெருமளவு காத்தது அக்கிழங்கே.

பனை தோற்ற வேலையில் கிழங்கு வென்றது எவ்வாறு? மரவள்ளி உண்மையாகவே வறட்சி தாங்கும் பயிர். மண்ணில் ஈரம் குறைந்தவுடன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மேலும் வறண்டால் இலைகளை உதிர்த்து ஓய்ந்து நிற்கிறது. மழை வந்ததும் மீண்டும் தழைக்கிறது. பூக்கும் வாரத்தில் மழை தவறினால் அனைத்தும் போயிற்று என்ற நிலை அதற்கு இல்லை. ஓராண்டுக்குள் பலன் கிடைக்கிறது. அறுவடையைச் சில வாரங்கள் தள்ளிப் போடவும் இயலும். எல்லாவற்றினும் மேலாக, நடுவதற்கு வேண்டிய குச்சி சென்ற ஆண்டுச் செடியிலிருந்தே கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பத்துக் குச்சிகள் வாங்கி நட்டுப் பார்க்க எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. பின்னர்ச் சேலத்து ஆலைகள் கிழங்குக்குச் சந்தையும் ஏற்படுத்தின. குறைகளும் உண்டு. புரதம் மிகக் குறைவு. கசப்பு வகைகளில் நச்சுப் பொருள் இருப்பதால் பக்குவமாகச் சமைக்க வேண்டும். வறட்சியில் அந்நச்சு மிகும் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

இனி, ஹவுராவிலிருந்து மேற்கே செல்வோம். ஹவுரா மாவட்டம் ஆறுகளுக்கு இடைப்பட்ட வண்டல் நிலம். அங்கு வெள்ளமே பெருங்கவலை. ஆனால் ஹவுரா நிலையத்தில் ரயிலேறி ஏறத்தாழ 320 கிலோமீட்டர் சென்றால் வரும் புருலியா, அதே மேற்கு வங்காள மாநிலத்தைச் சேர்ந்ததாயினும், வேறொரு நாடு போலத் தோன்றும். சிவந்த சரளை மண். ஏறியிறங்கும் மேட்டு நிலம். அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் இராமநாதபுரத்துக்கு 800-ஐ ஒட்டியே கிடைக்கிறது. இருந்தும் புருலியா வறட்சி மாவட்டம் எனப்படுவது ஏன்? பெய்யும் மழையில் பெரும்பகுதி சில வாரங்களுக்குள் கொட்டிச் சரிவில் ஓடிவிடுகிறது. ஆழமற்ற மண் அதனைப் பிடித்து வைப்பதில்லை. வறட்சி என்பது வானத்தில் மட்டும் இல்லை, நிலத்தின் மடிப்பிலும் இருக்கிறது.

இதனை அங்குள்ள உழவர்கள் நன்கறிவர். உச்சி மேட்டை டாங் என்றும், அதற்குக் கீழ்ப்பட்ட படிக்கட்டு வயலைப் பைத் என்றும், அடுத்ததைக் கானாலி என்றும், பள்ளத்து வயலைப் பஹால் என்றும் பெயரிட்டு வழங்குகின்றனர். பஹாலில் நீர் தேங்கி நிற்கும். நீண்ட வயதுடைய நெல் அங்கே தவறுவது அரிது. டாங் நிலத்துக்கு நெல்லே வேண்டாம். கேழ்வரகும் சாமையும் துவரையும் கொள்ளும் அதற்குப் போதும். இடர்ப்பாடு முழுவதும் பைத் நிலத்தில் உள்ளது. சிறு விவசாயிக்குப் பெரும்பாலும் வாய்த்திருப்பது அந்நிலமே. மழை நன்றாக இருந்தால் அங்கு நெல் விளைகிறது. பத்து நாள் மழை தவறினால் கருகுகிறது.

நெற்பயிரின் வாழ்வில் எல்லா நாளும் ஒன்றல்ல. தூர் கட்டும் பருவத்தில் ஈரம் குறைந்தால் பயிர் ஓரளவு ஈடு செய்துகொள்ளும். கதிர் வெளிவந்து பூக்கும் பருவத்தில் குறைந்தால் மகரந்தம் கெட்டு மணி பிடியாது. வைக்கோல் மட்டுமே மிஞ்சும். கிழக்கிந்தியாவில் பெரிதும் பரவியுள்ள சுவர்ணா என்னும் நெல் ஆந்திரத்து மாருட்டேருவில் உருவானது. நல்ல விளைச்சல் தருவது. ஆனால் அதன் வயது ஏறத்தாழ 140 முதல் 145 நாட்கள். ஜூன் மாத நடுவில் விதைத்தால் அக்டோபரில்தான் பூக்கும். அதற்குள் பருவமழை திரும்பிச் சென்றுவிடுகிறது. பள்ளத்துக்கு உகந்த இந்நெல்லைப் பைத் நிலத்திலும் பயிரிட்டதனாலேயே பல ஆண்டுகளில் இழப்பு நேர்ந்தது.

இக்குறையை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டதே சஹபாகி என்னும் நெல். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உண்டான இவ்வகை, ஜார்க்கண்டின் ஹசாரிபாகிலுள்ள மானாவாரி மேட்டு நில நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கூட்டுறவோடு சோதிக்கப்பட்டு 2010-இல் வெளியிடப்பட்டது. சஹபாகி என்றால் பங்கு கொள்வோர் என்று பொருள். உழவர்களின் வயல்களிலேயே, அவர்கள் கண்ணெதிரில், அவர்கள் தேர்வுக்கு உட்படுத்தித் தெரிந்தெடுக்கப்பட்டதால் இப்பெயர் இடப்பட்டது. இதன் வயது 105 நாட்களை ஒட்டியது. ஆகவே செப்டம்பர் மாத மழை இருக்கும்போதே பூத்துவிடுகிறது. அன்றியும், மண் வறளும்போது ஆழத்தில் பக்க வேர்களை மிகுதியாக விடும் இயல்பு இதற்கு உண்டு. நல்ல பருவத்தில் எக்டருக்கு நான்கு டன்னை ஒட்டியும், கடும் வறட்சியில் ஒன்றரை முதல் இரண்டு டன் வரையும் விளைந்துள்ளது. இதே நெல் 2011-இல் வங்கதேசத்திலும் நேபாளத்திலும் வேறு பெயர்களில் வெளியிடப்பட்டது.

ஆராய்ச்சி நிலையத்து எண்களைக் கொண்டு மட்டும் உழவர் முடிவு செய்வதில்லை. அவர் கேட்கும் கேள்விகள் வேறு. வைக்கோல் மாட்டுக்குப் போதுமா? சோறு மறுநாள் காலை வரை கெடாமல் நிற்குமா? நம் பழையதைப் போன்று வங்காளத்தில் பாந்தாவும் அன்றாட உணவல்லவா? புருலியா, பாங்குரா பகுதிகளில் பொரி உண்ணாத நாளில்லை. எனவே ‘இந்த அரிசி நன்கு பொரியுமா?’ என்று வீட்டுப் பெண்கள் கேட்பர். விதையைத் தெரிந்து எடுத்துவைப்பவரும் பெரும்பாலும் அவர்களே. அவர்களை அழைக்காமல் வயல் விழா நடத்துவது பாதி வேலை செய்ததற்கு ஒப்பாகும். புதிய நெல்லைப் பழைய நெல்லின் பக்கத்திலேயே, அதே உழவரின் அதே வயலில், அவர் இடும் அதே அளவு எருவோடு பயிரிட்டுக் காட்டுவதே நம்பிக்கை தரும் முறை. சாலையோரத்துச் செழிப்பான வயலைத் தெரிந்தெடுத்து, அளவின்றி உரமிட்டு, பலகை நட்டுக் காட்டும் செயல்விளக்கத்தைக் கண்டு உழவர் தலையசைப்பார். வீட்டுக்குச் சென்று பழைய நெல்லையே விதைப்பார்.

சிறு விவசாயியின் கணக்கை நாமும் சற்றுப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக, பழைய நீண்ட வயது நெல் நல்ல ஆண்டில் நாலரை டன்னும் வறண்ட ஆண்டில் அரை டன்னும் தருவதாகக் கொள்வோம். புதிய நெல் நல்ல ஆண்டில் நான்கும், வறண்ட ஆண்டில் ஒன்றே முக்காலும் தருவதாகக் கொள்வோம். மூன்றாண்டில் ஓராண்டு வறட்சியானால், பழையதன் மொத்தம் ஒன்பதரை டன். புதியதன் மொத்தம் ஒன்பதே முக்கால். கூட்டிப் பார்த்தால் வேறுபாடு அற்பமே. ஆயினும் அரை டன் விளைந்த ஆண்டில் அக்குடும்பம் வட்டிக்குக் கடன் வாங்குகிறது; மாட்டை விற்கிறது; ஆண்மக்கள் வேலை தேடி ரயிலேறி ஹவுராவில் வந்திறங்குகின்றனர். ஒன்றே முக்கால் டன் விளைந்தால் உண்பதற்கும் விதைக்கும் ஏதோ மிஞ்சுகிறது. வறட்சி தாங்கும் பயிரின் மதிப்பு சராசரியில் இல்லை. அந்த ஓர் ஆண்டில் இருக்கிறது. சராசரியை மட்டும் காட்டும் அட்டவணைகள் இதனை மறைத்துவிடுகின்றன.

கெட்ட ஆண்டின் அச்சம் குறைந்தால் நல்ல ஆண்டின் முயற்சியும் மிகுகிறது என்பதற்குச் சான்று உண்டு. வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்கும் சுவர்ணா-சப்1 என்னும் நெல் 2009-இல் வெளிவந்தது. ஒடிசாவில் அதனைப் பெற்ற உழவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, பெற்றவர்கள் உரம் கூடுதலாக இட்டதையும், கைவிதைப்புக்குப் பதிலாக நடவை மிகுதியாக மேற்கொண்டதையும் கண்டறிந்தது. அது வெள்ளத்தைப் பற்றியது. எனினும் அச்சம் ஒன்றேயாதலால் வறட்சிக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து.

நெல் நல்லதாயிருப்பதும் உழவர் விரும்புவதும் போதா. விதை வேண்டிய நாளில் வேண்டிய ஊரில் இருத்தல் வேண்டும். வல்லுநர் விதை ஆதார விதையாகி, அது சான்று விதையாகிக் கடைக்கு வருவதற்குப் பருவங்கள் பல கழிகின்றன. விற்பனையாளர் தமக்குப் பழக்கமான வகையையே வாங்கி வைக்கின்றனர். ஜூன் மாதத்தில் மழை தொடங்கிய பின் வரும் மூட்டையால் யாருக்கும் பயனில்லை. இங்கே மரவள்ளிக் குச்சியின் பாடம் உதவும். நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர் ஆதலின், வீரிய ஒட்டு நெல்லைப் போல ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. ஐந்து கிலோ விதை பெற்ற ஒருவர் அடுத்த பருவத்தில் ஊருக்கே கொடுக்க முடியும். ஆகவே ஒரே ஊரில் ஒருவருக்குப் பெருமூட்டை தருவதைக் காட்டிலும், பல ஊர்களில் சிலருக்குச் சிறு பைகளாகத் தருவது மேல்.

ஒரு நடைமுறைத் தொல்லையையும் கூற வேண்டும். ஊர் முழுவதும் நவம்பரில் அறுக்கும் நெல்லை விளைவிக்கையில், ஒருவர் வயல் மட்டும் செப்டம்பர் இறுதியில் பழுத்து நின்றால், வட்டாரத்துக் குருவிகளெல்லாம் அங்கே வந்து இறங்கும். அறுவடை முடிந்தபின் அவிழ்த்துவிடப்படும் மாடுகளுக்கு அவருடைய அடுத்த பயிர் இரையாகும். இதனால் முதலாண்டிலேயே மனம் வெறுத்தவர்கள் உண்டு. ஐந்தாறு பேர் அடுத்தடுத்த வயல்களில் சேர்ந்து பயிரிட்டால் குருவியின் சேதம் பகிர்ந்துகொள்ளப்படும். காவலும் முறை வைத்துப் பார்க்கலாம். அக்டோபர்த் தொடக்கத்தில் நிலம் ஒழிவதால், எஞ்சிய ஈரத்தில் கடுகோ கடலையோ மசூர்ப் பருப்போ விதைக்கவும் வாய்ப்புண்டு. வயலின் மேல்மூலையில் நிலத்தின் இருபதில் ஒரு பங்கில் குட்டை வெட்டி ஓடும் மழைநீரைத் தேக்கும் முறை புருலியாவில் பரவியுள்ளது. பூக்கும் வாரத்தில் ஒரு நனைப்புக்கு அந்நீர் உதவினால், வறட்சி தாங்கும் நெல்லும் தன் முழுத் திறனைக் காட்டும். நீரே இல்லாமல் விளையும் நெல் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான வேலை நடந்திருக்கிறது. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-இல் வெளிவந்த அண்ணா ஆர் 4 என்னும் நெல், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே புழுதியில் விதைக்கும் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளுக்கென உருவானது. அதன் வயதும் ஏறத்தாழ நூறு நாட்களே. புருலியாவின் நெல்லை இராமநாதபுரத்துக்கோ, இராமநாதபுரத்து நெல்லைப் புருலியாவுக்கோ அப்படியே மாற்றிவிட முடியாது. மழையின் மாதங்கள் வேறு, மண் வேறு. ஆனால் தெரிந்தெடுக்கும் முறை இரண்டு இடங்களுக்கும் ஒன்றே.

விதையைத் தாமே எடுத்துவைக்க விரும்பும் உழவர் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. விதைக்கென ஒதுக்கும் பகுதிக்கும் வேறு நெல் வயலுக்கும் மூன்று மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். பூக்கும் போதும் பழுக்கும் போதும் வயலில் இறங்கி, உயரத்திலோ மணியின் நிறத்திலோ மாறுபட்ட கலவன்களை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். வரப்போரத்துப் பயிரை விலக்கி நடுவயலில் அறுத்து, வேறு நெல் அடிக்காத தூய களத்தில் தனியே அடித்து, ஈரம் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேற்படாதவாறு காயவைத்துச் சேமித்தல் வேண்டும். மறு பருவத்தில் விதைக்குமுன் உப்புக் கரைசலில் இட்டு, மிதக்கும் பொக்குகளை நீக்கி, மூழ்கியவற்றை நல்ல நீரில் இருமுறை கழுவிக்கொள்ளலாம். மூன்று பருவங்களுக்கு ஒருமுறை புதிய சான்று விதை வாங்கிக் கலப்பைத் தவிர்ப்பது நலம். அவ்வாறு வாங்கும் ஆண்டில், பையின் மேலுள்ள சீட்டைக் கிழித்தெறியாமல் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும். முளைப்பில் குறை நேர்ந்தால் முறையிடுவதற்கு அச்சீட்டே ஆதாரம்.